ஜெயித்த சிகரெட்டுகள்

நான் குடித்துக் கெட்டு, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் கிடந்து, திருந்தி வந்தவன் என்று காரைக்காலில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேருக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. மனநோய்ப் பிரிவில் கிடந்தது உண்மை. திருந்தியது ஏறக்குறைய உண்மை. குடி மட்டும் பொய். இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி வாய் வலிக்கிறது. அதோடு, சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் சிலர் ரேஷன் கடையிலும் தபால் ஆபீசிலும் என்னை ஓரமாக இழுத்து, "எந்த டாக்டர்? என்ன மாத்திரை?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மாத்திரை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டண்டாக இருந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றவன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெவே என்ற பள்ளிப் பரீட்சை வரை படித்து, அவர்கள் கப்பலேறிய பிறகு இந்திய விதிகளை முதலிலிருந்து மனப்பாடம் செய்தவன். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், எங்கே தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நோய் வந்தபோதும் இந்த அறிவே என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

நோய் எனக்குப் போஸ்டர் படிக்கும் பழக்கமாகத்தான் முதலில் வந்தது. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஓரிடம் வந்ததும் வலது கெண்டைக்கால் யாரோ கயிறு போட்டு முறுக்கியதுபோல் இறுகும். நின்றால் சிறிது நேரத்தில் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். நடுத்தெருவில் ஒரு பெரிய மனிதர் காரணம் இல்லாமல் நிற்க முடியாது. எனவே சுவரில் இருப்பதைப் படிப்பேன். கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, மூல நோய் வைத்தியம், சினிமா, எதுவானாலும் சரி.

ஒரு நாள் என் மனைவி சாரதா காப்பியை டொக்கென்று வைத்தாள். "எதிர்த்த வீட்டம்மா கேக்குறாங்க, உங்க வீட்டுக்காரரு சினிமா போஸ்டரையே பாத்துக்கிட்டு நிக்கிறாரே, என்ன விஷயம்னு. பேரன் பேத்தி எடுத்தாச்சுங்க."

"கண்ணீர் அஞ்சலியையும்தான் பாக்குறேன். அதை யாரும் சொல்லலையா?" என்றேன்.

பிறகு ஒரு புதுச் செருப்பின் வார் சுண்டுவிரலைக் கடித்தது. சாதாரணப் புண். அது மாதக்கணக்கில் ஆறவில்லை. களிம்பு, பவுடர், மஞ்சள், எதற்கும் மசியாமல் விரலின் ஓரம் கறுக்கத் தொடங்கியதும் சாரதா என்னை ஊர் அரசு மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த அறுவை மருத்துவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் என் இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இடது கால்ல நாடி லேசா இருக்கு. வலது கால்ல எனக்குக் கிடைக்கலை."

"நல்லாத் தேடிப் பாருங்க டாக்டர். நேத்து வரைக்கும் இருந்துது."

அவர் சிரிக்கவில்லை. "சிகரெட் உண்டா?"

"மிதமா."

"மிதமான்னா, எழுந்திருச்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் டாக்டர்," என்றாள் சாரதா.

அவர் சொன்னதை எளிமையாகச் சொல்கிறேன். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எனக்கு உள்ளே அடைத்துச் சுருங்கிவிட்டன. நடக்கும்போது தசை அதிக ரத்தம் கேட்கிறது. கிடைக்காததால் வலிக்கிறது. நின்றால் கேட்பதை நிறுத்துகிறது, வலியும் நிற்கிறது. புண் ஆறுவதற்கும் ரத்தம் வேண்டும். வராத இடத்தில் சதை செத்துப்போகிறது. ஒவ்வொரு சிகரெட்டும் அந்தக் குழாய்களை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது. போஸ்டர்களுக்கு இதில் பங்கு இல்லை.

புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். எங்கள் மகள் அங்கே பள்ளி ஆசிரியை, அவள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. எல்லையில் நண்டலாற்றுச் சோதனைச் சாவடியில், காரைக்காலிலிருந்து வரும் எல்லாப் பஸ்களையும்போல எங்கள் பஸ்ஸையும் நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் சரக்கு மலிவு. அதனால் வெளியே போகும் ஒவ்வொரு பையிலும் பாட்டில் இருக்கும் என்பது தமிழ்நாட்டுப் போலீசின் நம்பிக்கை. என் பையிலும் கைவிட்டுத் துழாவினார் ஒரு போலீஸ்காரர். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் என்ற பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் வந்தது சிகரெட் பெட்டிகள். அவற்றை அப்படியே திருப்பி வைத்துவிட்டார். ஊரே குடிப்பதால், குடிக்காத ஒரே காரணத்துக்காகத் தன்னை யோக்கியன் என்று நினைத்துக்கொள்ளும் வசதி எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும் உண்டு. அந்த வசதியை நான் முழுமையாக அனுபவித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் பரிசோதனைகள். அதிகாலையில் சீட்டு வாங்க எந்த வரிசையில் நிற்க வேண்டும், ரத்தம் எடுக்குமிடத்தில் யார் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புவார்கள் என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் வழிகாட்டினேன். சிலர் என்னை ஆஸ்பத்திரி ஊழியர் என்றே நினைத்தார்கள். அரசு மருத்துவமனை என்பதால் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. செலவு வேறு வழிகளில் போயிற்று. பஸ், காப்பி, தள்ளுவண்டி தள்ளுபவர் தலையைச் சொறிவது, வெளியே வாங்கிவரச் சொல்லும் மருந்து. சாரதா ஒவ்வொன்றுக்கும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு நாள் குப்புறப் படுக்க வைத்து, முதுகு வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் ஊசி போட்டுச் சாயம் ஏற்றி, அது கால் வரை இறங்குவதை எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயம் இறங்கும்போது இடுப்புக்குக் கீழே வெந்நீர் கொட்டியதுபோல ஒரு சூடு. வலது கால் பாதி வரை சூடு தெரிந்தது. அதற்குக் கீழே தெரியவில்லை. படத்தைப் பார்க்கும் முன்பே எனக்கு விடை தெரிந்துவிட்டது. பரீட்சை ஹாலிலேயே தோல்வி தெரிந்த மாணவனைப்போல எழுந்து வந்தேன்.

சர்ஜன் குறைவாகப் பேசுபவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "பைபாஸ் போட முடியாது. கீழ்க் குழாய் எல்லாம் ரொம்பச் சின்னது. இடுப்புப் பக்கம் ஒரு நரம்புச் சங்கிலி இருக்கு. குழாயை இறுக்கிப் பிடிக்கிறது அதோட வேலை. அதைக் கொஞ்சம் வெட்டிட்டா குழாய் தளரும், கால்ல சூடு வரும், புண் ஆறலாம். ஆனா நீங்க சிகரெட் புடிச்சா நான் வெட்டினதுக்கு அர்த்தமே இல்லை. முழுசா நிறுத்திட்டு வாங்க. இல்லைன்னா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். அதுக்கு என்கிட்டதான் வரணும்னு இல்லை."

வெளியே வந்ததும் நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆபீஸ் அறைக்குள் போய், கால் இழந்தவர்களுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டே, அதற்கு எந்தப் படிவம், யார் சான்றளிக்க வேண்டும் என்று விசாரித்தேன். பயந்த நாய் குரைக்கும். பயந்த குமாஸ்தா விதியைத் தேடுவான். திரும்பிப் பார்த்தால் சாரதா வாசலில் நின்றிருந்தாள்.

"கால் இன்னும் உடம்புலதான் இருக்குங்க. அதுக்குள்ள அரை டிக்கெட் கேக்குறீங்களே," என்றவள் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். நாற்பது வருஷத்தில் அவள் பொது இடத்தில் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர், கைலாயத்துக்குத் தலையாலேயே நடந்துபோன அம்மையார் பிறந்த ஊர். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. எனக்குக் கால் வேண்டும் என்பது அந்த வராந்தாவில்தான் முதன்முதலாக மண்டையில் ஏறியது.

சிகரெட்டை நிறுத்துவதற்கு எந்தப் பிரிவுக்குப் போவது? இங்கேதான் என் அறிவு தோற்றது. நெஞ்சு நோய்ப் பிரிவில் சளியைப் பரிசோதித்து, "காசம் இல்லை, போகலாம்" என்றார்கள். பொது மருத்துவத்தில் ஒரு டாக்டர், "மனசு வெச்சா முடியும் சார்" என்றார். அவர் சட்டைப் பையில் தீப்பெட்டி தெரிந்தது. கடைசியில் ஒரு நர்ஸ்தான், மனநோய்ப் பிரிவில் குடிகாரர்களுக்கு ஒரு வார்டு நடத்தும் டாக்டரம்மாவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, காலைப் பார்த்து, "சேத்துக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

பதிவேட்டுக் குமாஸ்தா அப்படிச் சுலபமாக விடவில்லை. "எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதில்லை. சிகரெட்."

"சிகரெட்டுக்குத் தலைப்பு இல்லையே. படுக்கை குடிக்குத்தான் ஒதுக்கியிருக்கு." சற்று யோசித்துவிட்டு எழுதினார். "குடின்னு போட்டுக்கிறேன். கிட்டத்தட்ட ஒண்ணுதானே."

இல்லாத தலைப்புக்குப் பதில் பக்கத்துத் தலைப்பு. முப்பது வருஷம் நான் மற்றவர்களுக்குச் செய்ததுதான். கோபப்படக்கூட வழியில்லை.

வார்டுக்குள் நுழைந்ததும் மூலைக் கட்டிலிலிருந்து ஒரு கூவல்.

"சூப்ரண்டு ஐயா! நீங்களுமா!"

எங்கள் பக்கத்துக் கருக்களாச்சேரி அஞ்சப்பன். கடலுக்குப் போகிறவன். கை நடுங்க நடுங்க எழுந்து வந்து, கல்யாண வீட்டில் சம்பந்தியை வரவேற்பதுபோல் என் பையை வாங்கிக்கொண்டான்.

"நான் குடிக்கிறதில்லை அஞ்சப்பா. சிகரெட்டுக்காகச் சேர்ந்திருக்கேன்."

"எல்லாரும் மொத நாளு அப்படித்தான் சொல்றது, ஐயா. நான் வயித்து வலின்னு சொன்னேன்." பிறகு வார்டு முழுவதும் கேட்கும்படி அறிமுகம் செய்தான்: "எங்க ஊருச் சாராயக் கட ஏலமெல்லாம் ஐயா மேசையிலதான் நடக்கும். ஐயா கதவத் தொறந்து வெச்சாரு, நாங்க உள்ள போனோம். இப்ப ஐயாவும் உள்ள வந்துட்டாரு!"

வார்டே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஏல விதிகளில் ஒரு குறையும் வைத்ததில்லை நான். அதன் மறுமுனையில் இருப்பவனை அன்றுதான் சந்தித்தேன்.

சிகரெட்டை விட்ட முதல் நாட்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன்: மோசம்தான், ஆனால் சாகிற அளவுக்கு இல்லை. புகையிலையில் உள்ள நிகோடின் என்ற சரக்கு, இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும் என்றும், அது வராதபோது மூளை பசித்த குழந்தைபோல் அழும் என்றும் டாக்டரம்மா சொன்னார். அழுதது மூளை, எரிச்சல்பட்டது நான். இட்லி கல்லாக இருப்பதாக நர்சிடம் சண்டை, மின்விசிறி சத்தம் போடுவதாகக் காவலாளியிடம் சண்டை. தூக்கம் துண்டுதுண்டாக வந்தது. தலை பஞ்சடைத்ததுபோல் கனத்தது. "ஆசை அலை மாதிரி சார். ஏறும், நிக்கும், இறங்கிடும். இறங்கிற வரைக்கும் வேற ஏதாவது செய்யுங்க, போதும்," என்பார் டாக்டரம்மா. மூச்சை மெதுவாக இழுத்து விடவும், உடம்பின் ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்தவும் பழக்கினார். சாரதா தன் பங்குக்குத் தினமும் வேர்க்கடலை கொண்டுவந்தாள். உடைக்காத கடலை. "உரிச்சே கொண்டாந்திருக்கலாமே" என்றதற்கு, "கைக்கு வேல வேணும்ல" என்றாள். டாக்டரம்மாவோ வேறு யாருமோ சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இதற்கிடையே, பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருக்கும் 'குடி'யைத் திருத்தக் கோரி ஒரு மனு எழுதினேன். விதிகளை மேற்கோள் காட்டி, முன்னுதாரணங்களோடு, ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து எழுதிய நல்ல மனு. டாக்டரம்மா பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

"இதை எழுதும்போது சிகரெட் ஞாபகம் வந்துதா சார்?"

யோசித்தேன். வரவில்லை.

"ஆபீஸ் வேலை, எழுத்து வேலைதான் உங்களைச் சிகரெட் பக்கம் இழுத்துதுன்னு சொன்னீங்களே. அது இல்லை. அப்ப ரிட்டயர் ஆன பிறகு எங்க உக்காந்து இவ்வளவு புடிச்சீங்க?"

"நண்பர்களோட பேசிக்கிட்டு இருப்பேன்," என்றேன். அது பொய் இல்லை. சுருக்கம்.

சுருக்கத்தை விரித்தவர் காசிம் மரைக்காயர். கடைத்தெருவில் இரும்பு வியாபாரம், என் பால்ய நண்பர். ஒரு நாள் சாயங்காலம், ஒரு கையில் ஆரஞ்சுப் பை, மறு கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெட்டியுடன் வார்டுக்குள் வந்தார். என் தலையில் கைவைத்து துஆ ஓதினார். பிறகு பெட்டியைக் கட்டிலில் வைத்தார்.

"என்ன மரைக்காயர் இது?"

"உங்க பாக்கி. போன மாசம் நீங்க ஜெயிச்சதுல பாதி கொடுக்கவே இல்லை. மருமவன் துபாய்லேருந்து வந்தாரு, மொத்தமா வாங்கிட்டு வரச் சொன்னேன். நோயாளிக்குப் பாக்கி வெச்சுட்டு எனக்குத் தூக்கம் வருமா?"

செய்தித்தாளைப் பிரித்தால், முழு அட்டைப்பெட்டி வெளிநாட்டுச் சிகரெட். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா பின்னால் வந்து நின்றார்.

"இவர் எதுல ஜெயிச்சார்?" என்று கேட்டார்.

மரைக்காயர் சூதுவாது தெரியாதவர். பெருமையாகவே சொன்னார். "ரம்மியிலதாம்மா. சூப்ரண்டை அடிக்க எங்க ஊர்ல ஆள் கிடையாது. ஆனா தப்பா நினைக்காதீங்க, காசு வெச்சு ஆடுறதே இல்லை. எங்களுக்கு அது ஹராம். இவருக்கும் சர்க்கார் விதி ஒத்துக்காது. அதனால நாங்க சிகரெட் வெச்சுத்தான் ஆடுவோம்."

இது எங்கள் மேசையின் சட்டம். சட்டத்தை வகுத்தவன் நான்தான். மரைக்காயர் கடையின் மாடியில் மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் வரை ஆட்டம். மரைக்காயர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்கும் செபாஸ்தியான், நான், நான்காவதாக அன்று கிடைத்தவர். பாயிண்டுக்கு இத்தனை சிகரெட் என்று கணக்கு. ஜெயித்ததை விற்பது கேவலம், வீட்டுக்குக் கொண்டுபோனால் சாரதா தூக்கி எறிவாள். எனவே அங்கேயே ஊதித் தீர்ப்பது மரபு. மழை நாளிலும் போனேன், காய்ச்சலிலும் போனேன். கால் இறுகி, ஒவ்வொரு போஸ்டராக நின்று நின்றாவது போய்ச் சேர்ந்தேன். ஜோக்கர் கையில் வந்தால் ஒன்று பற்ற வைப்பேன். வராவிட்டால் அந்த வருத்தத்துக்கு ஒன்று.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நீங்க நல்லா ஆடுற ஒவ்வொரு நாளும் கூடுதலா புடிச்சிருக்கீங்க."

"ஆமாம்."

"தோத்திருந்தா கால் தப்பிச்சிருக்கும்."

மரைக்காயரின் முகம் வெளிறிப்போயிற்று. பெட்டியை மெதுவாகச் செய்தித்தாளில் மறுபடி சுற்றினார். "யா அல்லா. காசு வெச்சா பாவம்னு ஒதுங்கினோம். கடைசியில இவரு காலை வெச்சு ஆடியிருக்கோமே."

அன்று டாக்டரம்மா விளக்கியது என் நோயின் மற்ற பாதி. சிகரெட்டுக்கு அடிமையாவதுபோல, ஒரு பொருளும் உள்ளே போகாமலேயே ஒரு செயலுக்கும் மனிதன் அடிமையாகலாம். அடுத்த சீட்டு நல்லதாக இருக்குமோ என்ற அந்த நொடிக்காக மனம் மறுபடி மறுபடி போய் உட்காரச் சொல்லும். என் விஷயத்தில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. சீட்டைப் பார்த்தால் கை சிகரெட்டைத் தேடும். சிகரெட்டை இழுத்தால் மனம் சீட்டைத் தேடும். இரண்டில் ஒன்றை மட்டும் விட முடியாது என்றார்.

"நான் சிகரெட்டுக்குத்தான் சேர்ந்தேன் டாக்டர். சீட்டுக்கு யாரும் எழுதிக் கொடுக்கலையே," என்றேன்.

"ரெண்டும் ஒரே கைதானே சார்," என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வார்டில் சாயங்காலக் கூட்டம் ஒன்று நடக்கும். வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். அதுவரை நான் பார்வையாளனாக, கொஞ்சம் தள்ளிப் போட்ட நாற்காலியில் இருந்தேன். மறுநாள் அஞ்சப்பன் என் நாற்காலியைத் தரதரவென்று வட்டத்துக்குள் இழுத்துப்போட்டான். "சொல்லுங்கையா. எத்தன நாளு சும்மா கேட்டுக்கிட்டே இருப்பீங்க. நாங்கல்லாம் அவுத்துப் போட்டாச்சு." சொன்னேன். மனுவில் எழுதுவதுபோல் இல்லாமல், பதவி, விதி எதுவும் இல்லாமல் பேசுவது எனக்கு அவ்வளவு கடினம் என்று அதுவரை தெரியாது. முடித்ததும் அஞ்சப்பன் சொன்னான்: "பாத்தீங்களா, கொமாஸ்தா சரியாத்தான் எழுதியிருக்காரு. கிட்டத்தட்ட ஒண்ணுதான்." திருத்தக் கோரிய மனுவை நான் வலியுறுத்தவில்லை. இன்றும் அங்கே 'குடி' என்றுதான் இருக்கும்.

சில வாரங்கள் கழித்து சர்ஜன் என் விரல் நுனிகளையும் நகங்களையும் பார்த்து, சட்டையை முகர்ந்தும் பார்த்துவிட்டு நாள் குறித்தார். அறுவை நடந்த அன்று முழு மயக்கம். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் சாரதா உட்கார்ந்து, என் வலது பாதத்தின் அடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"சுடுதுங்க," என்றாள்.

வருஷக்கணக்கில் அந்தக் கால் ஐஸாக இருந்ததை நான் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கறுத்த சுண்டுவிரலைப் பிறகு எடுத்துவிட்டார்கள். அது காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தது. மீதியைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் சொன்னார்: "தினமும் நடங்க. வலி வந்தா நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க. நடக்க நடக்கச் சின்னக் குழாய்கள் புதுசா வழி கண்டுபிடிக்கும். ஒரே ஒரு சிகரெட் புடிச்சாலும் எல்லாம் மூடிக்கும்." ஆக, நின்று நின்று போஸ்டர் படிப்பதே இப்போது வைத்தியம்.

ஊருக்கு வந்ததும் என் சட்ட மூளை மறுபடி வேலை செய்தது. விலக்க வேண்டியது சிகரெட். சீட்டு தனியாக என்ன செய்யும்? பந்தயப் பொருளை மாற்றிவிட்டால் போதாதா? மரைக்காயர் தயங்கினார். "டாக்டரம்மா வேணாம்னாங்களே, சூப்ரண்டு." நான் விதிமுறை சொன்னேன்: புளியங்கொட்டை வைத்து ஆடுவது, மேசையில் யாரும் புகைக்கக் கூடாது. செபாஸ்தியான் தன் சுருட்டைக் கீழே கடையில் ஒப்படைத்துவிட்டு வந்தார். சாரதாவிடம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். நடந்துதான் போனேன்.

முதல் ஆட்டத்திலேயே நல்ல கை. ஜோக்கர் இரண்டு. உடம்பெல்லாம் ஒரு புல்லரிப்பு. பல மாதம் வெளியூரில் கிடந்தவனுக்கு வீட்டு விளக்கு தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. டிக் அடித்து ஆட்டத்தை முடித்தேன். செபாஸ்தியான், "மோன் தியூ, கடவுளே, ஆஸ்பத்திரில கத்திய உமக்கு வெச்சாங்களா எங்களுக்கு வெச்சாங்களா?" என்று அங்கலாய்த்தார். சிரித்துக்கொண்டே ஜெயித்ததை அள்ளினேன்.

 சட்டென்று மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. என் உதடுகளுக்கு நடுவே ஒரு புளியங்கொட்டை இருந்தது. வலது கை சட்டைப் பையில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

அதை நான் அங்கே வைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வைத்ததே எனக்குத் தெரியாது. வைத்தது கை. ஆஸ்பத்திரியில் அத்தனை வாரம் நான் நல்லவனாகிக்கொண்டிருந்தபோது, அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மாடியில் அந்தக் கணம் சிகரெட் கிடைத்திருந்தால் கொட்டைக்குப் பதில் அதை அப்படியே வைத்திருக்கும். காலும் அப்படியே போயிருக்கும். 

 மரைக்காயர் கையை நீட்டினார். கொட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கி, பெட்டிக்குள் போட்டு, கீழே இறங்கிப்போய் டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.

"நீங்க மூணு பேரும் வேற கட்டு வாங்கி ஆடுங்க. நான் வரலை," என்றேன்.

"நாலாவது கை இல்லாம என்ன ஆட்டம்? போங்க, வீட்டுக்குப் போங்க," என்றார் அவர். கோபம்போலத்தான் இருந்தது. அன்று இரவு சாரதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. உடைக்காத வேர்க்கடலை மறுபடி வந்தது.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னைக் குடிகாரன் என்று ஊர் பேசுவதற்குப் பாதிக் காரணம் அவள். உறவுக்காரர்கள் விசாரித்தபோது மறுக்கவே இல்லையாம். ஏன் என்று கேட்டேன். "சீட்டாட்டத்துல கால் போவப் பாத்துதுன்னு எப்படிங்க சொல்றது, சிரிப்பாங்க. குடியை விட்டவருன்னா ஒரு மரியாதை இருக்கு," என்றாள். அஞ்சப்பன் அவ்வப்போது வீட்டுக்கு மீன் கொண்டுவருவதும் அந்த மரியாதையின் பகுதி. நடுவில் ஒரு முறை வழுக்கி, மறுபடி வார்டுக்குப் போய்த் திரும்பிவிட்டான். இப்போது கடலுக்குப் போகிறான். "கை நடுங்கலம்மா, பாருங்க," என்று கூடையை ஒரே கையில் தூக்கிக் காட்டுவானாம் சாரதாவிடம்.

சீட்டுக் கட்டு அடுப்புக்குப் போனதற்கு மறுநாள் சாயங்காலம், ஆட்டம் தொடங்கும் அதே வேளையில், வாசலில் செருப்புச் சத்தம். மரைக்காயர். கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வாங்க, நடப்போம். எனக்கும் சும்மா உக்காந்தா கை அரிக்குது."

அன்று முதல் அதுவே எங்கள் ஆட்டம். அரசலாற்றுப் பாலத்திலிருந்து ஆற்றங்கரை வழியாகக் கடலை நோக்கி நடப்போம். அந்தச் சாலையில் போஸ்டர் ஒட்டச் சுவர்கள் கிடையாது. நான் நின்றால் வலி என்பது வெட்டவெளிச்சம். தொடக்கத்தில் பாதி வழி போவதற்குள் பல முறை நின்றேன். நான் நிற்கும்போதெல்லாம் அவரும் நின்று, ஆற்றில் மிதக்கும் படகுகளைப் பற்றி எதையாவது பேசுவார். காலைப் பற்றிக் கேட்க மாட்டார். நிற்கும் இடங்கள் மாதத்துக்கு மாதம் கடலை நோக்கி நகர்ந்தன. சில நாள் செபாஸ்தியானும் வருவார், சுருட்டு இல்லாமல், சைகோன் கதைகளோடு.

ஆசை போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு: போகவில்லை. யாராவது சீட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டால் வாய் இன்னும் ஊறுகிறது. அது ஏறும், நிற்கும், இறங்கும். அதுவரை நடக்கிறேன்.

போன வாரம் அப்படி நடந்துகொண்டிருந்தோம். மரைக்காயர், தேங்காய் விலை ஏறியதற்கு அரசாங்கத்தைத் திட்டியபடி சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் நின்றுவிட்டேன். நாலடி போய்விட்டுத்தான் அவருக்குத் தெரிந்தது. பதறித் திரும்பி வந்தார்; இத்தனை மாதமாகக் கேட்காததை அன்று கேட்டுவிட்டார்.

"என்னாங்க, நின்னுட்டீங்க? வலிக்குதா?"

"இல்லை மரைக்காயர். ரோடு முடிஞ்சுடுச்சு," என்றேன்.

எங்களுக்கு முன்னால் மணலும் கடலும்தான் இருந்தன.